நல்ல கால்

"அண்ணி, இடது காலையும் எடுப்பீங்கல்ல?"

எக்ஸ்ரே மேசையில் படுத்தபடி என் நாத்தனார் கேட்டாள். இருபது வருடமாக இந்த அறையில் நிற்கிறேன். அடிபட்ட காலையே தொடாதே என்று கத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல காலையும் எடுங்கள் என்று வலியக் கேட்ட நோயாளியை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ, நம் வீட்டுப் பெண் எவ்வளவு விவரமாகப் பேசுகிறாள் என்று உள்ளுக்குள் பூரித்துக்கொண்டு, "எடுக்காம? ஒப்பிட்டுப் பார்க்கத்தானே அது இருக்கு," என்றேன்.

வீட்டில் எல்லோருக்கும் அவள் வாண்டு. இருபத்து நான்கு வயதாகி, அண்ணனைவிட இரண்டு விரல் உயரமாகவும் வளர்ந்துவிட்டாள். பெயர் மட்டும் வளரவில்லை. தீயணைப்புத் துறைத் தேர்வுக்குப் போன நானூறு பெண்களில் தேறிய பதினோரு பேரில் ஒருத்தி. ஓட்டம், கயிறு, ஏணி, எல்லாம் முடித்து, சேர வேண்டிய தேதியும் வந்துவிட்டது. ஐந்து வாரத்துக்கு முன் பயிற்சி ஓட்டத்தில் வலது கணுக்கால் பிசகியது. சான்றிதழ் காட்டப் போன இடத்தில் காலில் இருந்த துணிக்கட்டை ஒரு அதிகாரி பார்த்துவிட்டார். கணுக்கால் உறுதியாக இருக்கிறது என்று எலும்பு டாக்டரிடம் கடிதம் வாங்கி வந்தால்தான் சேர்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எலும்பு டாக்டர் எங்கே இருக்கிறார்? அண்ணி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில். கைக்கெட்டிய தூரத்தில் அண்ணி.

கணுக்கால் பிசகி வருகிற பலருக்குச் சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. எலும்பு பாட்டுக்கு எலும்பாக இருக்கும். எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிற தசைநார் படத்தில் விழாது. பெரிய ஸ்கேன் வசதி எங்களிடம் கிடையாது. அதனால் பழைய வழிதான். ஒருவர் காலைப் பிடித்துப் பாதத்தை உள்பக்கமாகச் சாய்த்து அழுத்த வேண்டும். அழுத்திய நிலையிலேயே படம் எடுக்க வேண்டும். நார் முழுசாக இருந்தால் மேலெலும்பும் கீழெலும்பும் ஒன்றுக்கொன்று நேராகவே நிற்கும். கிழிந்திருந்தால் கீழெலும்பு சாய்ந்து, வெளிப்பக்கம் ஆப்பு செருகினதுபோல் ஒரு இடைவெளி திறக்கும். எத்தனை டிகிரி சாய்கிறது என்று அளப்பார்கள். இதற்கு ஸ்ட்ரெஸ் எக்ஸ்ரே என்று பெயர். எடுக்கிறவருக்கும் அது பொருந்தும்.

முறைப்படி டாக்டர்தான் அழுத்த வேண்டும். எங்கள் எலும்பு டாக்டருக்கு மனசு இளகினது. நோயாளி 'ஸ்ஸ்' என்றால் கையை எடுத்துவிடுவார். படத்தை அளக்கும்போது மட்டும் அசுரர், ஒரே கோணத்தை மூன்று முறை அளந்தால்தான் தூக்கம் வரும். அவருக்கு டிகிரி டாக்டர் என்று பெயர் வைத்தது நான்தான். நாங்கள் இருவரும் பேசாமலே ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருந்தோம். நான் ஈயக் கவசமும் ஈயக் கையுறையும் மாட்டிக்கொண்டு காலைப் பிடிப்பேன். அவர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று சுவிட்சை அழுத்துவார். உலகத்தில் நடப்பதற்கு நேர்மாறு. ஆனால் படம் சுத்தமாக வரும். என் பிடிக்கு இந்த ஆஸ்பத்திரியில் ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் கிடையாது.

வலது காலை முதலில் எடுத்தேன். வாண்டு கொஞ்சம் இறுக்கினாள். இறுக்கினால் தசை நாரைக் காப்பாற்றிவிடும், படம் பொய் சொல்லும். பேச்சுக் கொடுத்தால் இறுக்கம் தளரும் என்பது என் வித்தை.

"சேர்ந்ததும் முதல் சம்பளத்துல அண்ணிக்கு என்ன?"

"அண்ணிக்கு என்ன வேணும்?"

"உங்க அண்ணனை ஒரு வாரம் எங்கயாவது கூட்டிட்டுப் போயிடு."

சிரித்தாள். தளர்ந்த நேரத்தில் அழுத்தினேன். 'டக்' என்று படம் விழுந்தது. பிறகு இடது கால். அதற்கு வித்தையே தேவைப்படவில்லை. கழற்றி வைத்த சட்டைபோல் என் கையில் விட்டுவிட்டாள்.

டிகிரி டாக்டர் அளந்தார். வலது பதினைந்து. இடது பதினான்கு. மறுபடி அளந்தார். பதினைந்து, பதினான்கு.

"பதினஞ்சுங்கிறது கொஞ்சம் ஜாஸ்திதான்," என்றார். "ஆனா சிலருக்குப் பிறவியிலயே அவ்வளவு சாயும். வித்தியாசம் ஒரு டிகிரிதானே. ரெண்டு காலும் ஒரே மாதிரிதான் இருக்கு." பிறகு இடது காலின் படத்தில், வெளிப்பக்கக் கணுவின் நுனிக்குக் கீழே விரலை வைத்தார். பயறு அளவுக்கு ஒரு எலும்புத் துணுக்கு. "இது என்ன?"

"அதுவும் பிறவியில வர்றதுதான் சார். எத்தனை பேருக்குப் பார்த்திருக்கோம். இவங்க குடும்பமே ரப்பர் உடம்பு."

அவர் இன்னும் ஒரு நிமிடம் அந்தப் பயறையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"சரிம்மா," என்றார் வாண்டிடம். "நார் கிழியலை. சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்து கடிதம் வாங்கிக்கோ."

மேசையிலிருந்து குதித்து இறங்கி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கவசத்தின் கனத்தோடு அவள் கனமும் சேர, நான் ஒரு சுற்றுச் சுற்றி நின்றேன்.

அன்று மாலை வீட்டில் நான்தான் ராணி. மாமியாருக்கு நடந்ததை மூன்று தரம் சொன்னேன். மாமியாருக்கு இந்த ஓட்டமும் ஏணியும் ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. இருந்தாலும் கால் சரியாக இருக்கிறது என்றதும் முகம் மலர்ந்தது. என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்ற வாசற்படியில் உட்கார்ந்தார். உட்காரும்போது ஒரு முனகல், எழும்போது ஒரு முனகல். கழன்று உருண்ட செருப்பை எடுக்கக் குனியப் பார்த்தார். பாதி வழியில் முட்டி மடங்க மறுத்தது. காலாலேயே அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, அதுதான் தன் திட்டமே என்பதுபோல் உள்ளே வந்தார்.

ரப்பர் உடம்பு!

தண்ணீர் சொம்பை நீட்டியவள் அப்படியே நின்றேன். இவரும் அதே தாய் வயிற்றில் பிறந்தவர்தான். மாமியார் கட்டிலில் ஏறுவதற்கே ஒரு முக்காலி வேண்டும். பிறகு எந்த ரப்பரைப் பார்த்து டாக்டரிடம் அப்படி அடித்துச் சொன்னேன்?

"காலை நீட்டுங்க," என்றேன்.

"எதுக்கு?"

"நீட்டுங்கன்னா."

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் நான் அவர் காலைத் தொட்டது கல்யாணத்தன்றுதான். மனிதர் பயந்துபோனார். நான் இடது கையால் கெண்டைக்காலைப் பிடித்து, வலது கையால் பாதத்தை உள்பக்கம் சாய்த்தேன். கொஞ்சம் வந்தது. அங்கேயே 'தட்' என்று நின்றது, கதவு நிலையில் முட்டி நிற்பதுபோல். அந்த முட்டுதான் நார். மற்றக் காலிலும் அதே.

"என்னடி ஆச்சு உனக்கு? அம்மா, இவ என் காலை முறிக்கிறா!"

அவர் கத்தலை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தேன். பிறவியிலேயே வளைகிற கணுக்காலும் உண்டு. பதினைந்து, இருபது கூடச் சாயும். ஆனால் அதுவும் கடைசியில் ஒரு இடத்தில் முட்டும். காலையில் வாண்டின் இடது கால் முட்டவில்லை. சாய்ந்து சாய்ந்து, சேற்றில் கால் வைத்ததுபோல் எங்கேயோ போய் மெதுவாக நின்றது. ஈயக் கையுறை எவ்வளவு தடிமனாக இருந்தால் என்ன, அது எனக்குத் தெரிந்தது. என் கை உண்மையைச் சொல்லியிருந்தது. வாய்தான் முந்திக்கொண்டது. நல்ல கால் என்று எதை வைத்து ஒப்பிட்டோமோ அதுவே நல்ல கால் இல்லை. அப்படியானால் அந்தப் பயறு பிறவிப் பயறு இல்லை. நார் பிய்த்துக்கொண்டு வந்த எலும்புச் சில்லு. எப்போதோ, எங்கேயோ நடந்து, ஆறிப்போன காயம். இரண்டு கிழிசலை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன, ஆகவே புடவை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் காலை வாண்டு பின்கட்டுப் படியில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நான் எதிரே குந்தினேன்.

"இடது காலைக் குடு."

"ஏன் அண்ணி, படம்தான் எடுத்தாச்சே."

"படத்தை விடு. காலைக் குடு."

கொடுத்தாள். ஷூவைக் கழற்றிவிட்டுச் சாய்த்தேன். கையுறை இல்லாத கைக்கு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. முட்டே இல்லை.

"எப்போ?"

கயிற்று நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வாண்டு, கேட்கிறேன்ல. எப்போ?"

"மூணு வருஷம் ஆச்சு. நீங்கல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தீங்களே, அந்த வாரம். சுவரு தாண்டிக் குதிக்கப் பழகினோம். ஃப்ரெண்டு வீட்டுல தங்கி, ஐஸ் வெச்சு, கட்டுப் போட்டு..." நிமிர்ந்தாள். "அம்மா அப்பவே சொல்லிட்டு இருந்தாங்க அண்ணி, ஒரு தடவை அடிபட்டுட்டு வா, அத்தோட இந்தக் கூத்தை நிறுத்திடறேன்னு. எப்படிச் சொல்லுவேன்?"

"நேத்து இடது காலையும் எடுங்கன்னு நீயாத்தானே கேட்டே?"

"ரெண்டையும் ஒப்பிட்டுத்தான் முடிவு பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னா?"

"நீங்கதான். சாப்பிடும்போது தினம் சொல்றீங்களே."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் பதினாறு வருடம் சோற்றோடு சேர்த்துப் பரிமாறிய பெருமையெல்லாம் இந்தப் பெண் வரிவிடாமல் கேட்டுவைத்து, என் கையாலேயே என் கண்ணைக் குத்தியிருக்கிறாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மேசையிலிருந்து இறங்கிக் கட்டிப்பிடித்தாளே, அதை நினைத்தபோது அழுகையும் வந்தது. அவளை இந்த வீட்டில் இரண்டு பின்னல் போட்ட சிறுமியாகப் பார்த்தவள் நான். என்னிடமாவது சொல்லியிருக்கலாம்.

"டாக்டர்கிட்ட சொல்லப் போறேன்," என்றேன்.

"சொல்லுங்க. பன்னெண்டாவதா ஒருத்தி லிஸ்ட்ல காத்துக்கிட்டு இருக்கா. நாளைக்கே கூப்பிடுவாங்க." இடது காலைத் தட்டிக் காட்டினாள். "இந்தக் காலோடதான் ஓடினேன். இந்தக் காலோடதான் ஏணி ஏறினேன். நானூறு பேர்ல எவளுக்கும் தெரியலை. அப்புறம் என்ன அண்ணி?"

"அப்போ ஒரு கால்தான் போயிருந்தது. இன்னொண்ணு தாங்குச்சு. இப்போ ரெண்டும் போச்சு."

"நான் பார்த்துக்குவேன்."

"ஏணியில நீ மட்டும் இருந்தா உன் பாடு. விழுந்தா நானே வந்து படம் எடுப்பேன். உன் தோள்ல இன்னொருத்தர் மயங்கிக் கிடப்பாரே, அவரு என்ன பண்ணுவாரு?"

அவள் ஷூவை மாட்டவில்லை. ஒன்றைக் காலிலும் ஒன்றைக் கையிலும் வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அவள் ஓடப் போகவில்லை. மாமியார் ஏன் என்று கேட்டதற்கு, வானம் மூடியிருக்கிறது என்று நான் சொன்னேன். வெளியே வெயில் கொளுத்தியது.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் நேராக டாக்டர் அறைக்குப் போனேன். அவள் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று வழியெல்லாம் யோசித்து முடிவு செய்திருந்தேன். என் தப்பைச் சொல்ல உரிமை இருந்தது.

"சார், நேத்து நான் தப்பா சொல்லிட்டேன். அந்த இடது கால் முட்டலை. என் கைக்குத் தெரிஞ்சுது, சொல்லாம விட்டேன். குடும்பத்தோட உடம்புன்னு சொன்னதும் பொய், என் வீட்டுக்காரரைச் சோதிச்சுட்டேன். கடிதம் எழுதாதீங்க. மறுபடி எடுக்கணும். இந்தத் தடவை மரத்துப்போற ஊசி போட்டுட்டு."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கும் அந்தத் துணுக்கு உறுத்துச்சு," என்றார் மெதுவாக. "ஆனா உங்க குரல்ல சந்தேகமே இல்லை. சரி, இவங்களுக்குத் தெரியும்னு விட்டுட்டேன். தப்பு என் பேர்லயும்தான்."

இருபது வருடத்தில் இதைவிடப் பெரிய திட்டு நான் வாங்கினதில்லை.

"அவங்க ஒத்துக்கிட்டு வரணுமே," என்றார். "வரலைன்னா?"

அடுத்த நோயாளியின் சீட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன்.

சனிக்கிழமை நான் கிளம்பும்போது அவள் அறைக் கதவு சாத்தியேதான் இருந்தது. தட்டவில்லை. தட்டினால் நான் இழுத்துவந்ததாக ஆகிவிடும். பத்து மணியிலிருந்து கை முறிந்த ஒருவர், மார்புப் படம் நாலு, தலையில் அடிபட்ட ஒரு டிரைவர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் நிமிர்ந்தேன். பதினொன்று அடித்தது. பதினொன்றே கால் ஆனது. வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன். அங்கேயும் அதே இரண்டு காலைக் காட்டினால் அதே கடிதம் கிடைக்கும். வழியும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

பதினொன்று இருபதுக்கு வந்தாள். தலையைப் படிய வாரி, நேர்காணலுக்குப் போகிற சட்டையைப் போட்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"சார், எனக்கு இடது கால்ல மூணு வருஷத்துக்கு முன்னாடியே அடிபட்டிருக்கு. மறைச்சுட்டேன். அண்ணிக்கும் தெரியாது."

டிகிரி டாக்டர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"எழுதினா ரெண்டையும்தான் எழுதணும்மா," என்றார். "நார் போயிருந்தா ஆபரேஷன், அப்புறம் பயிற்சி. ஆறு மாசத்துல நல்ல கால் ஆக்கிடலாம், அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா அவங்க ஆறு மாசம் காத்திருப்பாங்களான்னு நான் சொல்ல முடியாது. அவகாசம் குடுக்கலாம். அடுத்த பேரைக் கூப்பிட்டுடவும் செய்யலாம்."

"தெரியும் சார்."

"இப்பவும் வேணாம்னா வேணாம்னு சொல்லலாம். நான் கடிதமே குடுக்கலைன்னு போயிடும்."

அவள் நடந்து போய் மேசையில் ஏறிப் படுத்தாள். டாக்டர் இரண்டு கணுக்காலுக்கும் ஊசி போட்டார். மரத்துப்போகும் வரை மூவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கவசத்தை மாட்டினேன். கையுறையை மாட்டினேன். இடது காலை எடுத்தோம்.

வலது காலைப் பிடித்தேன். டாக்டர் கண்ணாடிக்குப் பின்னால் போனார். பாதத்தைச் சாய்த்தேன். முந்தாநாள் நின்ற அளவுக்கு வந்தது. பிறகு, நானே அறியாமல், என் கை நின்றுவிட்டது. வலிக்காது என்று தெரியும். தசையும் இறுகவில்லை. இதோடு படம் எடுத்தால் போதும், பதினைந்து பதினைந்தாகவே இருக்கட்டும் என்று எனக்குள் யாரோ கெஞ்சினார்கள். இருபது வருடத்தில் என் கை இப்படி ஒரு காலிடம் தயங்கினதில்லை.

"அண்ணி," என்றாள் மேலே விளக்கைப் பார்த்தபடி. "இன்னும் சாயும். அழுத்துங்க."

அழுத்தினேன். முட்டு வரவில்லை. இன்னும் அழுத்தினேன். கண்ணாடிக்குப் பின்னால் 'டக்' என்றது.

திரையில் படம் மெல்லத் தெளிந்து வந்தது. மேலெலும்பு நேராக நின்றது. கீழெலும்பு ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே, வெளிப்பக்கமாக அகன்று, ஒரு விரல் நுழையும்போல் கறுப்பாக ஒரு வாசல் திறந்திருந்தது. டாக்டர் அளக்கும் கோட்டை இன்னும் வைக்கவில்லை. வாண்டு முழங்கைகளை ஊன்றி எழுந்து அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் காலின் கனம் முழுவதும் என் கைகளில்தான் இருந்தது.